மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை - படங்கள் மாற்றிய கதை

1974ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி. அமெரிக்காவின் பெதஸ்டா கடற்படை மருத்துவமனை. அப்போதைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போகிறார்கள். இரண்டு நாட்களுக்கு முன் நடந்த பரிசோதனையில் அவருடைய மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்திருந்தது. அது புற்றுநோய்தானா? அவருக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் உறுதியாகத் தெரியாது. மயக்க மருந்து கொடுத்த பிறகு கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்ததும், அதே மயக்கத்திலேயே மார்பகம் முழுவதையும் அகற்றிவிட்டார்கள்.

இதில் விசேஷம் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம்! நாட்டின் முதல் பெண்மணிக்கு நடந்ததுதான் அந்தக் காலத்தில் சாதாரணப் பெண்களுக்கும் நடந்தது. "கட்டியைச் சோதித்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் மார்பகத்தை எடுக்கவும் சம்மதிக்கிறேன்" என்கிற அர்த்தத்தில் ஒரே தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கட்டியின் ஒரு துண்டை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். மேஜையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் அது தெரியாது. கண் விழித்ததும் கையால் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைக்கு அப்படி இல்லை. கத்தியை எடுப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே கட்டியின் அளவு, இடம், வகை என்று நிறைய விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேச முடிகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது? அதில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. போன்ற படங்களின் பங்கு என்ன? இனி பார்ப்போம்.

கையால் தொட்டு, கத்தியால் தேடி

மார்பகத்தை முழுதாக அகற்றும் சிகிச்சையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வில்லியம் ஹால்ஸ்டெட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சர்ஜனாக இருந்தவர். மார்பகம், அதற்குக் கீழே உள்ள மார்புத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுப்பது அவருடைய முறை. 1894இல் அவர் 50 பெண்களின் விவரங்களை வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே நோய் திரும்பி வந்தது அவர்களில் 3 பேருக்குத்தான் என்றார். மற்ற சர்ஜன்களின் நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் அப்படித் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. ஹால்ஸ்டெட்டின் முறை உலகம் முழுக்கப் பரவியதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. தசை போய்விட்டதால் நெஞ்சு குழிந்துவிடும். அக்குள் முடிச்சுகள் போய்விட்டதால் கை வீங்கிக்கொள்ளும். இதைக் கேட்டு ஹால்ஸ்டெட்டைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு இருந்த ஒரே கருவி விரல் நுனி. தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் கட்டி கண்டுபிடிக்கப்படும். அது உள்ளே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அறுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் வயலையே சுற்றி வேலி போடுவதுபோல, அவர்கள் எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

ஹால்ஸ்டெட்டின் கட்டுரை வந்த மறு வருடம், 1895 நவம்பரில், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு முறிவைப் பார்க்க டாக்டர்கள் உடனே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். மார்பகத்துக்கு மட்டும் அது சீக்கிரம் வரவில்லை. எலும்புக்கும் சதைக்கும் எக்ஸ்ரேயில் நல்ல வேறுபாடு தெரியும். கொழுப்பு, சுரப்பி, கட்டி மூன்றும் மென்மையான திசுக்கள். அவற்றுக்குள் வேறுபாடு காண்பது கடினம்.

பெர்லினில் 3000 மார்பகங்கள்

அந்த வேலையை முதலில் செய்தவர் ஆல்பர்ட் சாலமன் என்ற பெர்லின் சர்ஜன். 1913இல் அவர் தன் ஆராய்ச்சியை வெளியிட்டார். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தையும் நுண்ணோக்கியில் தெரிந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். கட்டி எப்படி விரல் நீட்டியதுபோலப் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகிறது, அக்குளை நோக்கி எப்படிப் பரவுகிறது என்பதெல்லாம் அந்தப் படங்களில் தெரிந்தது. சில கட்டிகளின் நடுவே பொடிப்பொடியான புள்ளிகளும் தெரிந்தன. அவை கால்சியத் துகள்கள் என்றும், புற்றுநோயின் முக்கியமான அடையாளம் என்றும் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின.

சாலமன் எடுத்தவை எல்லாம் அறுத்த பிறகு எடுத்த படங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

அவருக்கே அந்த ஆராய்ச்சியைத் தொடரக் கொடுத்துவைக்கவில்லை. சாலமன் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவியை இழந்தார். 1938இல் சாக்சன்ஹவுசன் வதை முகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து நெதர்லாந்துக்குத் தப்பினார். அங்கேயும் பிடிபட்டு, மறுபடி தப்பி, ஒளிந்து வாழ்ந்து உயிர் பிழைத்தார். அவருடைய மகள் சார்லட் சாலமன் ஓர் ஓவியர். 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்த மகளின் ஓவியங்களை இன்று உலகம் அறியும். அப்பாவின் 3000 படங்களைப் பற்றி மருத்துவத் துறைக்கு வெளியே தெரிந்தவர்கள் குறைவு.

உயிருள்ள பெண்களின் மார்பகத்தைப் படம் எடுத்து, பிறகு அறுவை சிகிச்சையில் கிடைத்ததோடு ஒப்பிட்டவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஸ்டாஃபோர்ட் வாரன். அவருடைய கட்டுரை 1930இல் வந்தது. (இதே வாரன்தான் பின்னாளில் அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவரானார்.) 1950 வாக்கில் உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்னே, மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் தெளிவாக வரும் என்று காட்டினார். உப்புத் தூள்போலத் தெரியும் கால்சியத் துகள்களின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஆனாலும் ஒருவர் எடுத்த மாதிரி இன்னொருவருக்குப் படம் வரவில்லை. அதைச் சரிசெய்தவர் ஹூஸ்டன் நகரின் எம்.டி.ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் ஈகன். மின்னழுத்தத்தைக் குறைத்து, மின்னோட்டத்தைக் கூட்டி, தொழிற்சாலைகளில் பயன்படும் நுண்ணிய ஃபிலிமில் படம் எடுத்தார். யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய முறை அது. 1960இல் 1000 பரிசோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். 1962இல் வந்த அவருடைய இன்னொரு கட்டுரை இன்னும் முக்கியமானது. மேமோகிராம் எடுக்கும் வரை யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த 53 புற்றுநோய்களைப் பற்றியது அது.

விரலுக்குத் தட்டுப்படாத கட்டி

இங்கேதான் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. படத்தில் கட்டி தெரிகிறது. கையால் தொட்டால் தெரியவில்லை. அறுத்துத் திறந்தால் கண்ணுக்கும் தெரியவில்லை. சர்ஜன் எதை வெட்டுவார்?

படத்தை அளந்து வெட்டலாமே என்று தோன்றும். அது அவ்வளவு சுலபம் இல்லை. மேமோகிராம் எடுக்கும்போது பெண் நின்றுகொண்டிருப்பார். மார்பகம் இரண்டு தகடுகளுக்கு நடுவே தட்டையாக அழுத்தப்பட்டிருக்கும். அறுவை சிகிச்சையிலோ அவர் மல்லாந்து படுத்திருப்பார், மார்பகம் பக்கவாட்டில் சரிந்திருக்கும். படத்தில் காம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருந்த புள்ளி இப்போது எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு சின்னப் புள்ளிக்காக மார்பகத்தின் பெரிய பகுதியையே வெட்டி எடுத்தார்கள். சில சமயம் அப்படி எடுத்ததில் அந்தப் புள்ளியே இருக்காது!

ஆக, படத்தில் தெரிவதை உடம்பில் குறித்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1960களில் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் குத்தி, அப்படியே விட்டுவைத்துப் பார்த்தார்கள். ஊசி நழுவிவிடும். 1976இல் பாஸ்டனில் ஹோவர்ட் ஃபிராங்க் குழுவினர் நுனியில் கொக்கி உள்ள கம்பியைப் பயன்படுத்தினார்கள். தூண்டில் முள்போல அது திசுவில் மாட்டிக்கொள்ளும். அதே நகரில் டேனியல் கோபன்ஸ் 1980இல் இதை இன்னும் எளிதாக்கினார். முதலில் ஊசியை மட்டும் செலுத்தி, படம் எடுத்து, சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சரியில்லையென்றால் நகர்த்தலாம். இடம் உறுதியான பிறகே கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு, ஊசியை உருவிவிடலாம்.

ஆபரேஷன் அன்று காலை, எக்ஸ்ரே பிரிவில் கம்பியை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அசையாமல் பிளாஸ்திரி போட்டு, அந்தப் பெண்ணைத் தியேட்டருக்கு அனுப்புவார்கள். சர்ஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய் நுனியைச் சுற்றியுள்ள திசுவை எடுப்பார். எடுத்த துண்டை உடனே எக்ஸ்ரே எடுத்து, தேடிய புள்ளி அதில் இருக்கிறதா, ஓரம் வரை வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கவனித்தீர்களா? 1913இல் சாலமன் செய்த அதே காரியம்தான் இது. இந்த முறை பெண் இன்னும் மேஜையில் இருக்கிறாள், தேவையென்றால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்.

ஒரே மயக்கத்தில் இரண்டு முடிவு வேண்டாம்

படங்கள் முன்னேறிக்கொண்டிருந்தபோதே தியேட்டருக்கு வெளியே ஒரு போராட்டம் நடந்தது. ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1974இல் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். சோதனையை மட்டும் முதலில் செய்யுங்கள், முடிவு தெரிந்த பிறகு அடுத்ததைப் பற்றி நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பல சர்ஜன்கள் மறுத்துவிட்டார்கள். தேடி அலைந்துதான் ஒருவரைப் பிடித்தார். அதே ஆண்டு பெட்டி ஃபோர்டின் செய்தி வந்தபோது, வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்லப் பார்த்தார். பலிக்கவில்லை.

குஷ்னர் விடவில்லை. புத்தகம் எழுதினார், மாநாடுகளில் எழுந்து கேள்வி கேட்டார். 1979இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். சோதனை தனி, சிகிச்சை தனி என இரண்டு கட்டமாகச் செய்வதையே பெரும்பாலானவர்களுக்குப் பின்பற்ற வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. ஹால்ஸ்டெட் முறையில் தசைகளை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது.

இந்த இரண்டு கட்ட முறை கத்தியே இல்லாமல் நடக்கப் படங்கள்தான் வழி செய்தன. 1977இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நோர்டன்ஸ்ட்ராம் குழுவினர், இரண்டு கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேக்களிலிருந்து கட்டியின் ஆழத்தைக் கணக்கிட்டு ஊசியைச் செலுத்தும் கருவியை அறிமுகப்படுத்தினார்கள். 1990இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பார்க்கர், அப்படிப்பட்ட கருவியோடு சற்றுத் தடித்த ஊசியைச் சேர்த்துத் திசுத் துண்டையே எடுக்க முடியும் என்று காட்டினார். மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும், மயக்க மருந்து வேண்டாம். ஆபரேஷனுக்குத் திட்டம் போட வேண்டுமானால் ஆபரேஷனுக்கு முன்பே நோய் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அது இப்போதுதான் சாத்தியமானது.

கொஞ்சம் எடுத்தால் போதுமா?

இதற்கிடையே, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்ற பெரிய கேள்விக்கும் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. இன்னொரு பிரிவுக்கு மார்பகத்தில் கால் பகுதியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வில் 1851 பெண்களின் விவரங்கள் சேர்ந்தன. இரண்டு ஆய்வுகளின் 20 வருட முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. முழு மார்பகத்தை எடுத்தவர்களும் பகுதியை எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை.

ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பி வந்தது. கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 14.3 சதவீதம்தான். ஏன் இந்த வேறுபாடு? நெதர்லாந்தின் ரோலண்ட் ஹாலண்ட் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விடை இருக்கிறது. அகற்றப்பட்ட மார்பகங்களை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்து, நுண்ணோக்கியிலும் பார்த்தார். 282 மார்பகங்களில் 105இல்தான் முக்கியக் கட்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. 121இல் கட்டியிலிருந்து 2 செ.மீ.க்கும் அப்பால் சின்னச் சின்னப் புற்றுத் திட்டுகள் இருந்தன. கட்டியை எடுத்த பின்னும் மிஞ்சும் இந்தத் திட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்கிறது.

அக்குள் விஷயத்திலும் இதே போக்குதான். முன்பு எல்லா முடிச்சுகளையும் எடுத்தார்கள். 1990களில் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தையும், அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தையும் கட்டியின் பக்கத்தில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். இது காவல்கார முடிச்சு. இதில் புற்றுநோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டாம். 5611 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, இப்படி விட்டுவைப்பதால் ஆயுள் குறையவில்லை என்று 2010இல் உறுதி செய்தது. கை வீக்கத்தின் தொல்லை எத்தனையோ பெண்களுக்கு இதனால் குறைந்தது.

அதிகம் தெரிந்தால் நல்லதா?

1986இல் ஜெர்மனியின் சில்வியா ஹேவாங் குழுவினர், காடோலினியம் என்ற மருந்தை ரத்தக் குழாயில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால் மார்பகப் புற்றுநோய் பளிச்சென்று தெரிகிறது என்று காட்டினார்கள். மேமோகிராமில் தெரியாத சிறு திட்டுகளும் இதில் தெரிந்தன. இளம் பெண்களின் அடர்த்தியான மார்பகம் மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். பஞ்சுக் குவியலில் வெள்ளைக் கூழாங்கல்லைத் தேடுவதுபோல! எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை குறைவு. எனவே ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒரே தடவையில் முழுதாக எடுத்துவிடலாம், மறுபடி அறுக்க வேண்டிய அவசியம் வராது என்று நம்பினார்கள்.

பிரிட்டனில் 45 மருத்துவமனைகளில் 1623 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2010இல் முடிவு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். எடுக்காதவர்களில்? அதே 19 சதவீதம்!

ஹாலண்ட் கண்ட திட்டுகளை நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எம்.ஆர்.ஐ. காட்டும் கூடுதல் புள்ளிகளில் சில, எப்படியும் கதிர்வீச்சில் அழிந்துபோகக்கூடியவை. சில புற்றுநோயே இல்லாதவை. அவற்றைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. இன்னொரு ஊசி, இன்னும் பெரிய வெட்டு, சிலருக்கு முழு மார்பகமும் போகிறது. எம்.ஆர்.ஐ. குப்பை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அக்குளில் புற்றுநோய் தெரிந்து மார்பகத்தில் மூலக் கட்டி அகப்படாதபோதும், ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோதெரபிக்குக் கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்கவும் அதை விட்டால் நல்ல வழி குறைவு. யாருக்கு, எதற்காக எடுக்கிறோம் என்பதே கேள்வி.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவு 2013இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. கையால் தட்டுப்படும் கட்டி உள்ள 134 பெண்கள். பாதிப் பேருக்கு சர்ஜன் விரலால் தடவிப் பார்த்துக் கட்டியை எடுத்தார். மீதிப் பேருக்குத் தியேட்டரிலேயே சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே எடுத்தார். விரலை நம்பியவர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் ஓரத்தில் மிஞ்சியிருந்தது. அல்ட்ராசவுண்டில் 3 சதவீதம்தான். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மேமோகிராம் நிற்கும் பெண்ணைப் படம் எடுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் பெண் குப்புறப் படுத்திருக்கிறார். தியேட்டரில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் மட்டும்தான், அறுக்கும் நேரத்தில் மார்பகம் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே காட்டுகிறது.

இன்றைய திட்டம்

இன்று பல மருத்துவமனைகளில் கொக்கிக் கம்பியின் இடத்தைச் சின்ன விதைகள் பிடித்துவருகின்றன. அரிசி மணி அளவே உள்ள கதிரியக்க விதையை 2001இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். பிறகு காந்த விதைகளும் வந்தன. இவற்றைச் சில நாட்கள் முன்பே வைத்துவிடலாம், கம்பியோடு காலையில் காத்திருக்க வேண்டாம். கீமோதெரபியில் கட்டி முழுதாக மறைந்துபோனால் பிறகு எதை வெட்டுவது என்று தெரியாமல் போகும். அதனால் சிகிச்சை தொடங்கும்போதே கட்டிக்குள் ஒரு உலோகக் குறியை வைத்துவிடுகிறார்கள். ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்ற பழைய வாக்குவாதத்துக்கும் 2014இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் ஒரு முடிவு சொன்னன. ஊடுருவும் புற்றுநோயில், எடுத்த துண்டின் வெளிப்பக்கம் பூசிய மையில் புற்றணு தொடாமல் இருந்தால் போதும், கதிர்வீச்சு கொடுக்கப்போகும் பெண்ணுக்கு அதற்கு மேல் எடுக்கத் தேவையில்லை என்றன.

ஹால்ஸ்டெட்டின் காலத்தில் எல்லை தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு எல்லாம் தெரிந்ததாலும் அதிகமாக எடுக்கும் ஆபத்து வந்தது. நடுவே உள்ள 100 வருடங்களில் படங்கள் கொடுத்த பெரிய லாபம், நோய் என்னவென்று தெரிவதற்கும் கத்தி படுவதற்கும் நடுவே கிடைத்த அந்தச் சில நாட்கள்தான். பெட்டி ஃபோர்டுக்கு அந்த நாட்கள் கிடைக்கவில்லை. ரோஸ் குஷ்னர் சண்டை போட்டு வாங்கினார்.

இன்று அந்த நாட்கள் கிடைக்கும் பெண்கள் தங்கள் படத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். கட்டி எங்கே, எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள், ஏன் அவ்வளவு என்று கேட்கலாம். இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதன் முடிவு ஆபரேஷனில் எதை மாற்றும் என்றும் கேட்கலாம்.